ரோமானிய வெள்ளிக் காசுகள்



ரோமப் பேரரசரின் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசைப் பலர் முகத்தழகு நோக்கியே வாங்குகின்றனர். நாம் முதலில் எடையை நோக்குவோம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்தனர், கி.பி. 64-இல் நீரோ அதனை 96 ஆக்கிச் செம்பும் கலந்தான். கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுந்திருத்தல் காண்க. நம் வணிகர் ஏமாளிகள் அல்லர் போலும்!

ஆயினும், கடைவீதியில் விலைக்கு வரும் காசு எவ்வூர்ப் பானையில் கிடைத்தது என வினவினால் விடையில்லை. ரசீது தொலைந்த சரக்கு மூட்டையைப் போல, அது வந்த வழியை இனி எவரும் அறியார். உருக்குக் குகைக்குள் போனவற்றைப் பற்றிப் பேசவே வேண்டா. புதையல் கண்டோர் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்களிடம் உழவர் எவரேனும் இத்தகைய காசினைக் காட்டினால், விலை பேசுமுன் இதனை எடுத்துரைக்க வேண்டுகிறோம்.