பின்னால் பிடித்தது யார்?

கோலப்போட்டி முடித்து விரலில் மாவோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. அதனால் பாரதியாரிலிருந்து தொடங்காமல் நேராகப் புதுக்கோட்டைக்கே வந்துவிடுகிறேன்.

மகளிர் தினம் என்றால் ஊருக்கு ஊர் ஒரே நிகழ்ச்சி நிரல்தான்: கோலம், இசை நாற்காலி, பொன்னாடை. குறையாகச் சொல்லவில்லை, அடுப்படியை மறந்து சிரித்து விளையாட ஒரு நாள் கிடைப்பதே பெரிது. ஆனால் 1992இல் இதே மகளிர் தினத்தை நம் ஊர் கொண்டாடிய விதம் வேறு. 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியை விடாமல் அடித்துக்கொண்டு சைக்கிளில் ஊருக்குள் வந்தார்கள். ஊரே வாய்பிளந்து நின்றது.

எப்படி நடந்தது? 1991இல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு மட்டும் போதாது, பெண்கள் தாமாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்வரவும் வேண்டும் என்று சைக்கிளையும் பாடத்தோடு சேர்த்தார். நம் கிராமங்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவோ அண்ணனோ வீட்டுக்காரரோ மனது வைத்துப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

கல் உடைக்கிறவர்கள், களை பறிக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நர்ஸுகள், டீச்சர்கள் எல்லாரும் பழகினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. வந்தால் வரட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இங்கு வந்து பார்த்து எழுதியதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம். ஏன் தெரியுமா? முன்னால் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம்! எந்தக் கம்பெனியும் யோசித்திராத கணக்கு இது. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று காலமெல்லாம் சுமந்தவளுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் மேடையில் திருப்பிச் சொல்ல முடியாது, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாற்றம் சைக்கிளோடு நிற்கவில்லை: இதே காலத்தில் இம்மாவட்டக் கல்குவாரிகளில் சிலவற்றை அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அதுவரை கூலிக்குக் கை நீட்டி நின்றவர்கள் கணக்கு எழுத உட்கார்ந்தார்கள். கையெழுத்தும் சைக்கிளும் குவாரியும் ஒன்றாக வந்ததால்தான் அந்த வேகம். சைக்கிளை மட்டும் தனியே பிரித்து ஃபோட்டோவுக்கு அழகாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நம் ஊர்ப் பெண் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறவர், 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது, தொண்டைமான் மன்னர் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் 1912இல் டாக்டரானார், சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பெயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அது ஒரு மன்னர் ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு. அறிவொளிக் காலத்தில் லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்களே, அவர்களில் பத்துப் பேரின் பெயரை இந்த மண்டபத்தில் யாராவது சொல்ல முடியுமா?

சைக்கிள் பழகுகிறவளுக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வர ஒரு ஆள் வேண்டும். இன்று பழகியவள்தான் நாளை அடுத்தவளுக்குப் பின்னால் ஓடினாள். ஒரு லட்சம் பேர் ஓட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறோம். பிடித்துக்கொண்டு ஓடியவர்களை எங்கே எழுதினோம்? அன்று முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. சிலர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள்.

ஆகவே விழாக் குழுவிடம் ஏற்கெனவே சொல்லி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வாசலுக்குப் பக்கத்து மேசையில் கல்லூரி மாணவிகள் இருவர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர், ஊர், எந்த வருஷம் பழகினீர்கள், யாருடைய சைக்கிள், பின்னால் பிடித்தது யார். இவ்வளவுதான் கேட்பார்கள். அம்மா வர முடியாமல் வீட்டில் இருந்தால் மகள் வந்து சொல்லலாம். கீழே விழுந்து முட்டி பெயர்ந்த கதை இருந்தால் அதையும் விடாமல் சொல்லுங்கள். எழுதித் தொகுத்து அச்சில் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு.

சாப்பாடு எங்கும் போய்விடாது. இரண்டாவது வரிசையில் அப்போதிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்களே அம்மா, நீங்கள் முதலில் வாங்க.