கிரெடிட் கணக்கு யாருக்குத் தொடங்கும்?

(அதிராம்பட்டினத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களை முடித்து, அதற்கான கிரெடிட்டையும் வாங்கிக்கொள்ளலாம். காலமும் கட்டணமும் மிச்சம். ஆனால் அங்கே வெள்ளை மாணவர்களுக்குக் கிடைக்கிற அளவு கறுப்பின மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

இங்கேயும் அதன் சாயல் வந்துவிட்டது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்புக்கு, பதினொன்றாம் வகுப்பு முடித்தவரே தகுதித் தேர்வு எழுதிவிடலாம். பன்னிரண்டு முடித்ததும் சேரலாம். 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிப் படிப்பையும் கிரெடிட் கணக்கில் சேர்க்கிறது. 30 மணி நேரம் கற்றால் ஒன்று, ஆண்டுக்கு 40. கூடுதலாகப் படித்தால் கூடுதல் கிரெடிட்.

அந்தக் கூடுதல் நேரம் யார் வீட்டில் இருக்கிறது?

நான் மாலையில் பாடம் சொல்லித்தரும் தெருவில் பதினொன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, அண்ணனின் போனில் ஓர் இணையப் படிப்பில் சேர்ந்தாள். அண்ணன் கொத்து வேலைக்குப் போனால் போனும் போய்விடும். மூன்றாம் வாரப் பயிற்சியை அனுப்ப முடியவில்லை. படிப்பு நின்றது. "எனக்கு அதெல்லாம் வராதுண்ணா" என்றாள். போன் இல்லாததைத் தன் அறிவுக் குறையாக எடுத்துக்கொண்டாள். தோழர்களே, எனக்குப் பயம் இதில்தான். நாளை இதையே 'தகுதி' என்று எழுதிவைப்பார்கள்.

நம்மிடம் வேறொரு அனுபவமும் உண்டு. முன்பு பள்ளி முடித்தவர்கள் கல்லூரிக்குப் போய் ஓராண்டு பியூசி படிக்க வேண்டும். இந்த ஊரில் 1955 முதல் காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதுவே தொலைவு. 1978இல் பிளஸ் டூ வந்து, அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்கே இறங்கியது. என் அம்மா பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தது அதனால்தான். கல்லூரிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தால் தாத்தா அனுப்பியிருக்க மாட்டார்.

ஆகவே கதவை மூடச் சொல்லவில்லை. நம் தெருவிலும் திறக்கச் சொல்கிறேன். பக்கத்துக் கல்லூரிகள் சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழில், இலவசமாக வகுப்பு எடுக்கட்டும். விடுதிகளில் கணினி இருக்கட்டும். அந்த இடங்களிலும் இடஒதுக்கீடு வேண்டும். பள்ளியில் சேர்த்த கிரெடிட்டைக் கல்லூரிச் சேர்க்கைத் தரவரிசையில் எண்ணவே கூடாது.

அந்தத் தங்கை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்காகவாவது இதை இப்போதே கேட்போம்.