வயலைக் காப்பவர் யார்?

நெல்வயல் சோறு தருவதோடு, மழைநீரைத் தேக்கி ஊரின் நிலத்தடி நீரையும் காக்கிறது. வயல்களை மண்ணிட்டு நிரப்புவதற்கு எதிராகக் கேரளத்தில் 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2020இல் இடது ஜனநாயக முன்னணி அரசு, வயலைக் காக்கும் உரிமையாளருக்கு எக்டேருக்கு 2000 ரூபாய் ராயல்டி வழங்கத் தொடங்கியது. அது வரவேற்கத்தக்கதே.

ஆனால், மாநிலத்தின் நெற்களஞ்சியமாகிய, தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் நிலை என்ன? நிலம் அவர் பெயரில் இல்லை. எனவே ராயல்டியும் இல்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையை ஒழித்தது. இன்று மறைவாகத் தொடரும் குத்தகைக்கு ஆவணம் ஏது?

வரப்பில் நிற்பவருக்கு மட்டுமன்றி, சேற்றில் இறங்குபவருக்கும் பங்கு வேண்டும். உழுபவரின்றி வயல் நிலைக்காது. பஞ்சாயத்துதோறும் சாகுபடியாளர் பட்டியலைக் கோரிப் போராடுவோம்!