ஆலங்கட்டி உருவாகும் விதம்



சித்திரை மாதத்துக் கோடை மழையில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இடியோடு ஆலங்கட்டியும் விழுவதுண்டு. அதனைத் தெய்வத்தின் சினம் என்போர் இன்றும் உளர். உண்மைக் காரணத்தைக் காண்போம்.

வெயிலில் சூடேறிய காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு விரைந்து மேலெழுகிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை 0 பாகைக்கும் கீழே செல்கிறது. ஆயினும் மேகத்துளிகள் பல அங்கே உறையாமல் நீராகவே மிதக்கின்றன. பனித்துணுக்கொன்று அவற்றின்மீது மோதினால், அவை அதன்மேல் ஒட்டி உறைகின்றன, கல் பருக்கிறது. உடனே உறைந்தால் காற்றுக்குமிழ்கள் அடைபட்டு வெண்படலம் தோன்றும். மெல்ல உறைந்தால் கண்ணாடிபோன்ற படலம் அமையும். மேலெழும் காற்றால் தாங்க இயலாத எடை வந்ததும் கல் வீழ்கிறது.

1888 ஏப்ரல் 30 அன்று, இன்றைய உத்தரப்பிரதேசத்து மொராதாபாத் பகுதியில் ஆலங்கட்டி 246 உயிர்களைக் குடித்தது.

மேகம் சாதி பார்ப்பதில்லை. ஆனால் திறந்த வெளியில் தக்காளி பறிப்போருக்கும் செங்கல் அறுப்போருக்கும் ஒதுங்கக் கூரையில்லை. அவர்களுள் நம் உறவினர் பலர். இடியோசை கேட்டதும் வேலையை நிறுத்துங்கள். மரத்தடியை நாடாது கட்டடத்துள் செல்லுங்கள். அவ்வாறு ஒதுங்க இடம் கேட்பது உங்கள் உரிமை. காரணம் அறிந்தவர் அதனை அஞ்சாது கேட்பர். அந்த அறிவைத் தருவதே கல்வி.