அருகில் அமர்த்துங்கள்!

 



மகன் எதிர்த்துப் பேசுகிறான், தொழ வர மறுக்கிறான், அறைக் கதவைச் சாத்திக் கொள்கிறான் என்று முறையிடும் பெற்றோர் பலர். கூடா நட்பு, செல்போன் என்று காரணங்களை அடுக்குகின்றனர். அவையும் காரணங்கள்தாம். ஆனால், தமக்கும் அவனுக்கும் இடையிலான பாசப் பிணைப்பு எந்நிலையில் உள்ளது என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு.

நபி (ஸல்) அவர்களிடம் ஓர் இளைஞர் வந்து, விபச்சாரம் புரியத் தமக்கு அனுமதி வேண்டும் என்றார். கூடியிருந்தோர் வெகுண்டு அதட்டினர். அண்ணலாரோ அவரை அருகே அழைத்தார்கள். அவர் நெருங்கி வந்து அமர்ந்த பின்னரே, உன் தாய்க்கு இதை விரும்புவாயா என வினவினார்கள். மாட்டேன் என்றார். மகளுக்கு? சகோதரிக்கு? அத்தைக்கு? ஒவ்வொன்றுக்கும் அதே பதில். பிறரும் அவ்வாறே விரும்பமாட்டார்கள் என உணர்த்தி, அவர் மீது கரம் வைத்து, அவருடைய பாவம் மன்னிக்கப்படவும் உள்ளம் தூய்மையடையவும் கற்பு காக்கப்படவும் பிரார்த்தித்தார்கள். அதன்பின் அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை என அபூஉமாமா (ரலி) அறிவிக்கிறார்கள் (அஹ்மத்). பாவத்திற்கு அங்கே அனுமதி இல்லை; அடியும் ஏச்சும் இல்லை. நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தந்தையிடம் இப்படிக் கேட்கும் துணிவு வரும்?

ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறாரைப் பற்றிய ஆய்வை 1944-இல் வெளியிட்டார். எவர்மீதும் பாசமற்றிருந்த 14 பேரில் 12 பேர், இளவயதில் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். 44 பேரை வைத்து உலகுக்கே சட்டம் சொல்ல இயலாது. அன்னையரைப் பழிக்கவும் இது ஆதாரமன்று. ஆயினும், பெற்றோரிடம் பாதுகாப்பை உணராத வளரிளம் பருவத்தினரிடம் மனச்சோர்வும் முரட்டுத்தனமும் கூடுதலாகக் காணப்படுவதைப் பிந்தைய ஆய்வுகளும் காட்டுகின்றன.

யூஸுஃப் (அலை) தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொன்னார்கள். சகோதரர்களோ, தந்தையின் அன்பு தங்களைவிட யூஸுஃப் மீதே அதிகம் என எண்ணினர். அவ்வெண்ணம் கிணறு வரை கொண்டு சென்றது (திருக்குர்ஆன் 12:4-15). யஃகூப் (அலை) அவர்கள் மீது குறையேதுமில்லை. ஒதுக்கப்பட்டோம் என்று பிள்ளை எண்ணிவிட்டாலே எவ்வளவு விபரீதம்!

வளைகுடாவில் வியர்வை சிந்தும் தந்தையரே! உங்கள் தியாகத்தை எவரும் மறுக்கவில்லை. ஆனால், தொலைபேசியில் மதிப்பெண்ணும் தாயின் புகாரும் மட்டுமே பேசப்பட்டால், மகன் உங்களை விசாரணை அதிகாரியாகவே அறிவான். அவன் விளையாட்டையும் நண்பர்களையும் கேளுங்கள். விடுமுறையில் வந்த மறுநாளே கண்டிப்பைத் தொடங்காதீர்கள். சில நாட்கள் அவனோடு உண்ணுங்கள், ஃபஜ்ருக்கு உடன் நடந்து செல்லுங்கள்.

உறக்கமும் உணவும் குன்றி, வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.