வடை சுட்ட எண்ணெய்

மயிலாப்பூர் மாட வீதியில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில் டீசல் வண்டியே ஓட்டலாம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. மிஞ்சிய எண்ணெயை பயோடீசலாக்கும் ரூக்கோ திட்டத்தை 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது.

எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். மெத்தனால் விஷம், சட்டென்று தீப்பற்றும். ஆகவே சமையலறையில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

தரம்? நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல் விட்டுக் குலுக்குவார்கள். முழுக்கக் கரைந்தால் தேறியது. அடியில் எண்ணெய் தங்கினால் வேலை இன்னும் பாக்கி. இந்தச் சோதனைக்கு ஏறக்குறைய 20 டிகிரி வெப்பநிலை வேண்டுமாம். அடையாறில் மே மாதம் என்றால் ஏசி அறைதான் கதி!