பாய் நெய்யும் பெண்களும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வங்கத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இரண்டு பாய்கள் உறவு. ஒன்று, தாமிரபரணிப் பாங்கில் உள்ள பத்தமடையின் கோரைப் பாய். மற்றொன்று, மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்துச் சபங் வட்டாரத்தின் மாதுர். இரண்டும் கோரையினத் தண்டினின்று பிறப்பவை. இரண்டிலும் பெண்களின் உழைப்பே பெரும்பங்கு. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. மாதுர்க்கு அச்சிறப்பு 2018-ஆம் ஆண்டில் வாய்த்தது.

பத்தமடையில் கோரையைக் கீறி உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாகப் பிளந்து, பருத்தி நூற்பாவில் நெய்கின்றனர். சபங்கிலோ, ‘மஸ்லந்து’ என்னும் உயர்தரப் பாய்க்காகத் தண்டைப் பல்லால் கடித்து நூல்போல் பிளக்கும் வழக்கம் உண்டு. நயமான பாய் ஒன்று முடிய வாரங்கள் பல செல்லும்.

ஆயினும், விலை பேசும் வேளையில் அவ்வுழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. “அடுப்படி வேலைக்கிடையே செய்ததுதானே!” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கோரைக்கும் நூலுக்கும் முன்கடன் வாங்கியவர், கடன் தந்தவர் சொன்ன விலைக்கே பாயைக் கொடுக்க நேர்கிறது. பிளாஸ்டிக் பாயோ மலிவு விலையில் வந்து போட்டியிடுகிறது.

நமது சால்ட் லேக்கில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மேளாக்கள் நடந்ததுண்டு. செய்தவரும் வாங்குவோரும் அங்கே நேரில் சந்திப்பது பெரும் நன்மையே. ஆனால், மேளா சில நாள்களில் முடிந்துவிடும். அடுப்பு ஆண்டு முழுதும் எரிய வேண்டுமன்றோ? 1952-இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்துக்குத் தலைமை ஏற்ற கமலாதேவி சட்டோபாத்யாய், கண்காட்சிகளோடு நின்றுவிடவில்லை. அவர் தோற்றுவித்த இந்தியக் கூட்டுறவு ஒன்றியம், டெல்லியில் குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தையும் ஏற்று நடத்தியது. நிலையான கடை வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல முன்மாதிரி.

நாம் செய்யத்தக்கவை மூன்று. மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாயைத் திருமணத்துக்கு வாங்குவது நம்மவர் வழக்கம். அதனைச் சில மாதங்கள் முன்னதாகவே, முன்பணம் கொடுத்து, நெய்வோரிடமே சொல்லிவைப்போம். சங்க விழாக்களுக்கு வரும் விருந்தினர்க்குச் சபங்கின் மாதுரை அன்பளிப்பாக வழங்குவோம். பேரம் பேச வாய் திறக்குமுன், “இஃது எத்தனை நாள் வேலை, அம்மா?” என்று கேட்போம்.

இரங்கி ஒருமுறை வாங்கினால் அது தருமம். தரம் அறிந்து ஆண்டுதோறும் வாங்கினால் அது வாணிகம். அப்பெண்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது பின்னதையே. அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக!